வீட்டுக்கு வரும் கம்பியும் அதற்கேற்ற ரவுட்டரும்

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 12 கி.மீ. இடைவெளியில் அமைந்து, 04563 என்னும் ஒரே தொலைபேசிக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்ளும் ஊர்கள் என்றாலும், ஓர் ஊரில் ஒரு வீட்டில் நன்றாக இயங்கிய ரவுட்டர் மற்றோர் ஊரிலோ அதே தெருவின் அடுத்த வீட்டிலோ இயங்காமல் போவது அரிதன்று. கருவி பழுதானதால் அவ்வாறு நேர்வதில்லை; இரு வீடுகளுக்கும் வந்துசேரும் கம்பியின் வகையும், அக்கம்பியின் மறுமுனையில் இணைப்பு தரும் நிறுவனம் வைத்திருக்கும் பொறியும் வேறுபடுவதாலேயே நேர்கிறது. ரவுட்டர் என்பது வெளியிலிருந்து வரும் ஒற்றை இணைய இணைப்பை வீட்டிலுள்ள பல கருவிகளுக்குப் பகிர்ந்தளித்து, எந்தத் தரவு எந்தக் கருவிக்குரியது என்று பிரித்தனுப்பும் பெட்டி. வைஃபை என்பது அப்பெட்டி கம்பியின்றி வானொலி அலைகளால் பேசும் முறை மட்டுமே. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, வைஃபை வேகத்தை மட்டும் பார்த்துக் கருவி வாங்குவதே பெரும்பாலான வீண்செலவுகளுக்குக் காரணமாக இருப்பதால், இந்த அத்தியாயம் கடையிலிருந்து தொடங்காமல் கம்பி வீட்டுக்குள் நுழையும் சுவரிலிருந்து தொடங்குகிறது.

கம்பியின் வகையை அறிதல்

இவ்வட்டார வீடுகளுக்கு அகன்ற அலைவரிசை இணைப்பு நான்கு வழிகளில் வரக்கூடும். அவற்றுள் மூத்தது பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் செம்புத் தொலைபேசிக் கம்பி. 2004ஆம் ஆண்டின் அகன்ற அலைவரிசைக் கொள்கையைத் தொடர்ந்து 2005 ஜனவரியில் அந்நிறுவனம் தொடங்கிய சேவையில், குரல் செல்லும் அதே இரட்டைக் கம்பியில் குரலுக்குத் தேவைப்படாத உயர் அதிர்வெண்களில் தரவு அனுப்பப்பட்டது. ஏ.டி.எஸ்.எல். என்று வழங்கும் இம்முறையில், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலகிச் செல்லச் செல்ல வேகம் குறையும் என்பதால், மேம்பட்ட வகையில் நொடிக்கு 24 மெகாபிட் வரை ஏட்டளவில் இயன்றாலும் ஊரின் ஓரத்திலிருந்த வீடுகளுக்கு அதில் சிறு பங்கே கிடைத்தது. அகன்ற அலைவரிசை என்று அழைப்பதற்குரிய குறைந்தபட்ச வேகமே அந்நாளில் நொடிக்கு 256 கிலோபிட்தான்; அது 2013இல் 512 கிலோபிட்டாகவும் 2023இல் 2 மெகாபிட்டாகவும் உயர்த்தப்பட்டது.

இன்று பெரும்பாலான புதிய இணைப்புகள் ஒளியிழையில், அதாவது மக்கள் ஃபைபர் என்று சொல்லும் கண்ணாடி இழையில் வருகின்றன. தலைமுடியளவு மெல்லிய இந்த இழையில் மின்சாரம் ஓடுவதில்லை. அகச்சிவப்பு ஒளி ஓடுகிறது. அவ்வொளியை மின்சைகையாக மாற்றித் தருவதற்கு வீட்டுக்குள் ஓ.என்.டி. என்னும் ஒளிமுனையக் கருவி வேண்டும். பி.எஸ்.என்.எல்., ஜியோ, ஏர்டெல் ஆகிய நிறுவனங்களும் உள்ளூர்க் கேபிள் இயக்குநர்கள் வழியே வரும் சிறு நிறுவனங்களும் இம்முறையைப் பயன்படுத்துகின்றன. பி.எஸ்.என்.எல். இணைப்பேகூடப் பல இடங்களில் உள்ளூர்க் கூட்டாளி ஒருவர் வழியாக வருகிறது என்பதைப் பயனர் நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில், எந்தக் கருவி பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் அக்கூட்டாளியின் பொறியே தீர்மானிக்கிறது.

மூன்றாவது வழி பலருடைய கவனத்துக்கு வராதது. சில கேபிள் இயக்குநர்கள் ஒளியிழையைத் தெருக்கம்பத்திலுள்ள பெட்டியோடு நிறுத்திவிட்டு, அங்கிருந்து வீடுகளுக்கு எட்டுக் கம்பிகள் கொண்ட லேன் கேபிளை இழுக்கின்றனர். பயனரின் காதில் இதுவும் ஃபைபர் இணைப்பு என்றே விழும். ஆனால் வீட்டுக்கு வருவது செம்பு என்பதால், இங்கே ஓ.என்.டி. தேவையில்லை, கேபிளை நேரே ரவுட்டரில் செருகலாம். நான்காவது, 2023இல் பெருநகரங்களில் தொடங்கிப் பரவிவரும் ஏர்ஃபைபர் போன்ற கம்பியில்லா இணைப்பு. மாடியில் பொருத்தும் பெறுகருவியும் வீட்டுக்குள் வைக்கும் பெட்டியும் நிறுவனத்துக்கே உரியவை என்பதால், அவ்விணைப்பில் பயனர் தேர்ந்தெடுக்கக்கூடியது வைஃபை பரப்பை விரிவாக்கும் கூடுதல் கருவி மட்டுமே.

கம்பிவழி வரும் முதல் மூன்றையும் வேறுபடுத்தி அறிய முனையைப் பார்ப்பதே போதும். பழைய தொலைபேசியில் செருகும் சிறிய, அகலம் குறைந்த முனை இருந்தால் அது செம்புத் தொலைபேசிக் கம்பி. அதைவிடப் பெரிய, எட்டு உலோகத் தகடுகள் தெரியும் முனை லேன் கேபிள். பச்சை அல்லது நீல நிறச் சதுர முனை ஒளியிழை. இதை ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குச் செல்ல வேண்டும். செம்புக் கம்பிக் காலத்து மோடம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று அதையே புதிய ஃபைபர் இணைப்புக்குப் பயன்படுத்த முயன்று ஏமாறுவோர் மிகுதி. அந்த மோடத்தில் ஒளியைப் பெறும் வாயே கிடையாது. பெயர் தெரிந்த நிறுவனத்தின் விலையுயர்ந்த கருவியாக இருந்தாலும் அதை நேரடியாகப் பயன்படுத்த வழியில்லை. மறுதலையாக, இன்னும் செம்புக் கம்பியையே வைத்திருக்கும் வீட்டுக்கு இன்றைய சாதாரண ரவுட்டர் உதவாது; மோடமும் சேர்ந்த ரவுட்டரைக் கேட்டு வாங்கி, பி.எஸ்.என்.எல். பயன்படுத்தும் 0, 35 என்னும் இரண்டு தட எண்களை அதில் பதிவு செய்ய வேண்டும்.

ஓ.என்.டி. பொருத்தம்

ஒளியிழை இணைப்பில் பொருத்தம் என்னும் சொல்லுக்கு முழுப்பொருளும் ஓ.என்.டி.யிலேயே அடங்கியுள்ளது என்பதால், இதனைச் சற்று விரிவாகக் காண்பது தகும். நிறுவனத்தின் நிலையத்திலுள்ள தலைமைப் பொறியிலிருந்து புறப்படும் ஒற்றை இழை, தெருவிலுள்ள பகுப்பான்களால் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு எனக் கிளைகளாகப் பிரிந்து வீடுகளைச் சேருகிறது. பகுப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை; அது ஒளியைப் பங்கிடும் கண்ணாடித் துண்டு. இவ்வமைப்பில் இரண்டு தரங்கள் புழங்குகின்றன. ஜிபான் என்பது வீட்டை நோக்கி நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும் வீட்டிலிருந்து 1.25 கிகாபிட்டும் கொண்டுசெல்லும். ஈபான் என்பது இருதிசையிலும் 1.25 கிகாபிட் கொண்டுசெல்லும். ஜிபானுக்கு மட்டும் எழுதப்பட்ட ஓ.என்.டி. ஈபான் தலைமைப் பொறியோடு பேசாது. இரண்டையும் ஏற்கும் கருவிகள் எக்ஸ்பான் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. சொந்தமாக வாங்குவோர் இவ்வகையை வாங்குவதே பாதுகாப்பானது.

தரம் ஒன்றாக இருந்தாலும் பொருந்தாமல் போகும் வாய்ப்பு இன்னும் உண்டு. தலைமைப் பொறி, தன்னிடம் பதிவான வரிசை எண்ணுடைய ஓ.என்.டி.களை மட்டுமே உள்ளே அனுமதிக்கும். ஆகவே கடையில் வாங்கிய கருவியைச் செருகிவிட்டுக் காத்திருப்பதால் பயனில்லை. அதன் அடியில் ஒட்டப்பட்டுள்ள வரிசை எண்ணை இணைப்பு தருபவரிடம் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். சில தலைமைப் பொறிகள் வேறு நிறுவனத்தின் ஓ.என்.டி.யை அடிப்படை அளவில் ஏற்றுக்கொண்டாலும், அதன் தொலைபேசி வாயையோ வைஃபையையோ தொலைவிலிருந்து இயக்க மறுக்கும். ஜியோ போன்ற நிறுவனங்கள் தங்கள் கருவியையே வீட்டுக்குள் வைக்கின்றன. அங்கே வெளி ஓ.என்.டி.க்கு இடமில்லை. பி.எஸ்.என்.எல். மற்றும் உள்ளூர்க் கேபிள் இணைப்புகளில் பயனர் தாமே வாங்கலாம் எனினும், எந்த மாதிரிகள் தம் பொறியில் ஏற்கெனவே இயங்குகின்றன என்று கூட்டாளியிடம் கேட்டு, அவர் சொல்லும் மாதிரிகளுள் ஒன்றை வாங்குவதே உகந்தது. பத்து வீடுகளில் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மாதிரி, சிறப்பான மதிப்புரைகள் பெற்ற இன்னொரு மாதிரியைவிட அந்தத் தெருவுக்கு நல்ல கருவி.

வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஃபைபரில் தொடர விரும்புவோர், ஓ.என்.டி.யில் தொலைபேசி வாய் இருக்கிறதா என்று தவறாமல் பார்க்க வேண்டும். விலை குறைந்த ஒற்றை வாய்க் கருவிகளில் அது இருப்பதில்லை. செம்புக் கம்பியை எடுத்துவிட்ட பிறகு இக்குறையைக் கண்டறியும் முதியோரின் வீடுகளில், பல்லாண்டுகளாக உறவினர் அனைவருக்கும் தெரிந்த ஓர் எண் பேசாமல் போய்விடுகிறது.

முனையின் நிறமும் பொருட்படுத்தத்தக்கது. பச்சை முனையின் கண்ணாடி சற்றுச் சாய்வாகவும், நீல முனையினது நேராகவும் தீட்டப்பட்டவை. பச்சையை நீல வாயில் செருகினால் அளவில் பொருந்தும். ஆனால் இரு கண்ணாடிகளுக்கும் இடையே காற்றிடைவெளி உண்டாகி ஒளியில் பெரும்பகுதி வீணாகும். ஒளியின் அளவு டி.பி.எம். என்னும் அலகில் கூறப்படுகிறது. ஒரு மில்லிவாட் ஆற்றலைச் சுழியமாகக் கொண்டு, ஒவ்வொரு 10 குறையும்போதும் ஒளி பத்தில் ஒரு பங்காகிறது. வீட்டை அடையும் ஒளி −8 முதல் −27 வரை இருக்கலாம் என்பது ஜிபான் கருவிகளின் பொதுவான எல்லை. −27 என்பது ஒரு மில்லிவாட்டின் ஏறத்தாழ 500இல் ஒரு பங்குதான். அந்த அளவிலிருக்கும் இணைப்பு, மழைக்காலத்தில் கம்பத்துப் பெட்டியில் ஈரம் புகுந்தாலே துண்டிக்கப்படும். எனவே இணைப்பு கொடுக்க வருபவர் கையிலுள்ள ஒளிமானியின் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்வது பயனர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல்களுள் ஒன்று. −15க்கும் −23க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. −25ஐத் தாண்டினால், புதிய ரவுட்டர் வாங்குவதற்கு முன் இழையின் ஒட்டையும் முனையையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொல்லி ரவுட்டரை மாற்றுவோர் உள்ளனர். அவ்விளக்கு ஒளி வந்துசேரவில்லை என்பதைச் சொல்வதே தவிர, ரவுட்டரின் குறையைச் சொல்வதன்று.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ரத வீதிகளை ஒட்டிய வீடுகளுக்கு இங்கே ஒரு தனிக்குறிப்பு தேவைப்படுகிறது. ஆடிப்பூரத் தேர் ஓடும் வீதிகளில் குறுக்கே செல்லும் கேபிள்கள் தேருக்கு வழிவிட்டாக வேண்டும்; கழற்றி மீண்டும் கட்டப்படும் ஒவ்வொரு முறையும் இழையில் ஒரு மடிப்போ புதிய ஒட்டோ சேர வாய்ப்புண்டு. திருவிழாவுக்கு முன்னும் பின்னும் ஒளியின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தால், வேகம் குறைந்ததற்குரிய காரணம் உடனே விளங்கிவிடும்.

ரவுட்டரில் நிரப்ப வேண்டிய விவரங்கள்

ஓ.என்.டி.யிலேயே வைஃபை இருக்கும்போது தனி ரவுட்டர் எதற்கு என்னும் கேள்வி இயல்பானது. இரண்டு மூன்று அறைகள் கொண்ட சிறு வீட்டுக்குத் தனி ரவுட்டர் தேவையில்லை என்பதே நேர்மையான விடை. நிறுவனம் தந்த ஓ.என்.டி. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மட்டும் இயங்குவதாக இருந்தாலோ, வீடு பெரியதாக இருந்தாலோ, இழை வந்து நிற்கும் இடம் வீட்டின் ஒரு மூலையாக இருந்தாலோ மட்டுமே தனி ரவுட்டருக்குச் செலவிட வேண்டும்.

அவ்வாறு வாங்கும்போது இரு அமைப்புகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டியிருக்கும். முதலாவது, ஓ.என்.டி.யைப் பாலம் போல ஒளியை மின்சைகையாக மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளச் செய்து, உள்நுழைவு வேலையை ரவுட்டரிடம் ஒப்படைப்பது. பி.பி.பி.ஓ.இ. என்று வழங்கும் இந்த உள்நுழைவு முறையில், நிறுவனம் தரும் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரில் பதிவு செய்ய வேண்டும். சில இணைப்புகளில் விலேன் எண் என்னும் தட அடையாளத்தையும் சேர்த்துப் பதிய வேண்டும். இம்மூன்றையும் இணைப்பு கொடுத்த நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளாதவர், பின்னர் ரவுட்டரை மாற்றும் நாளில் தொலைபேசியில் அலைக்கழிய நேரிடும். விலேன் எண்ணை ஏற்கும் வசதி எல்லா ரவுட்டர்களிலும் இல்லை என்பதால், தம் இணைப்புக்கு அது தேவையா என்பதை வாங்குமுன் கேட்டறிவது முறை.

இரண்டாவது அமைப்பில் ஓ.என்.டி.யே உள்நுழைந்து பகிர்ந்தளிக்கும். புதிய ரவுட்டர் அதனோடு ஒரு லேன் கேபிளால் இணைந்து வைஃபை மட்டும் தரும். அப்போது ரவுட்டரை அணுகுமுனை நிலையில் வைக்க வேண்டும். அவ்வாறு வைக்காமல் இரண்டும் பகிர்ந்தளிக்கும் வேலையைச் செய்தால், 192.168.1.1 என்னும் ஒரே முகவரியை இரண்டும் உரிமை கொண்டாடி இணைப்பு குழம்பும். இரட்டைப் பகிர்வு நிலையிலும் காணொளிகள் ஓடக்கூடும் என்பதால் குறை வெளியே தெரியாது. கண்காணிப்புக் கேமராவும் இணைய விளையாட்டும் அலுவலகப் பாதுகாப்பு இணைப்பும் தடுமாறும்போதுதான் தெரியவரும்.

புதிய ரவுட்டரைச் செருகியதும் இணையம் வராமல், பழையதைச் செருகினால் மட்டும் வருகிறது என்றால், நிறுவனத்தின் சேவையகம் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே இடப்படும் அடையாள எண்ணை, நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். கேபிள்காரரிடம் சொல்லி அப்பதிவை நீக்கச் செய்யலாம். அல்லது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் பழைய எண்ணைப் படியெடுத்து இடலாம். கருவி பொருந்தவில்லை என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுசெல்லப்படும் ரவுட்டர்களுள் இக்காரணத்தால் திரும்புபவையும் உண்டு.

வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் வீட்டுக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டர் வாங்குவோர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். முகவரிப் பற்றாக்குறையால் பல நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொதுமுகவரியின் பின்னால் நிறுத்துகின்றன. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் அவ்வாறு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த ரவுட்டரிலும் வாயில் திறந்து கேமராவை நேரடியாக அணுக இயலாது. கேமரா நிறுவனத்தின் சேவையகம் வழியே பார்க்கும் செயலியைப் பயன்படுத்தலாம், அல்லது மாறா முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்கள்

ஏ.சி.1200 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு நொடிக்கு 1200 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்று எண்ணுவது பிழை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 300உம் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 867உம் என, இரு பட்டைகளின் ஏட்டளவு உச்சங்களைக் கூட்டி முழுமையாக்கிய எண் அது. ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் பேசும் என்பதால், அக்கூட்டுத்தொகை எந்தக் கருவிக்கும் கிடைப்பதில்லை. இதைவிட முக்கியமானது, ரவுட்டரின் பின்புறமுள்ள கேபிள் வாய்களின் வேகம். டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 என்னும் இரு மாதிரிகளும் ஏ.சி.1200 என்றே விற்கப்படுகின்றன. ஆனால் முன்னதன் வாய்கள் நொடிக்கு 100 மெகாபிட்டும் பின்னதன் வாய்கள் 1000 மெகாபிட்டும் கடத்தக்கூடியவை. 150 அல்லது 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் செலுத்தும் வீட்டில் முதல் மாதிரியை வைத்தால், மாதந்தோறும் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி அந்த வாயிலேயே நின்றுவிடும். திட்டம் 100 மெகாபிட்டுக்கு மேற்பட்டதாயின் கிகாபிட் வாய் கட்டாயம்; 30 அல்லது 60 மெகாபிட் திட்டத்துக்கு 100 மெகாபிட் வாயே போதும் என்பதால், கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

திட்டத்தின் வேகத்தைத் தீர்மானிப்பதிலும் நிதானம் வேண்டும். தெளிவான காணொளி ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டும், மிகத் தெளிவான 4கே காணொளிக்கு ஏறத்தாழ 15 மெகாபிட்டும் போதுமானவை. ஒரே நேரத்தில் ஒருவர் தொலைக்காட்சியில் படம் பார்க்க, இருவர் இணைய வகுப்பில் அமர, ஒருவர் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்யும் வீட்டுக்கும் 60 மெகாபிட் இடநெருக்கடி தராது.

வைஃபை தலைமுறைகளைப் பொறுத்தவரை, 2009இல் வந்த நான்காம் தலைமுறைக் கருவியை இன்று புதிதாக வாங்குவதற்கில்லை. ஐந்தாம் தலைமுறை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பத்துப் பதினைந்து கருவிகள் ஒரே நேரத்தில் இணையும் வீட்டுக்கு ஆறாம் தலைமுறை நன்மை தரும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்திய அரசு 2018 அக்டோபரில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டதால், அப்பட்டையில் இங்கே போதிய இடம் உள்ளது. 6 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கான வரைவு விதிகள் 2025 மே மாதம்தான் வெளியிடப்பட்டன. 100 மெகாபிட் இணைப்புள்ள வீடு அப்பட்டைக்காகப் பன்மடங்கு விலை கொடுப்பதில் பொருளில்லை. கம்பியில் வராத வேகத்தை வைஃபை உண்டாக்கித் தராது.

சுவர்களும் மாடிகளும்

இவ்விரு ஊர்களின் வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. பட்டாசாலையும் முற்றமும் கொண்டு, ஒன்றரை அடிக்குக் குறையாத கனத்தில் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய பழைய வீடுகள் ஒருபுறம் இருக்க, இரும்புக்கம்பி பின்னிய காங்கிரீட் தளங்களோடு அடுக்கடுக்காக எழுந்த புதிய வீடுகள் மறுபுறம் உள்ளன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; 5 கிகாஹெர்ட்ஸ் அலையினது அதில் பாதிக்கும் குறைவு. அதிர்வெண் கூடக் கூடச் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறையும் என்பதால், பட்டாசாலையில் 5 கிகாஹெர்ட்ஸில் நன்றாக வரும் இணைப்பு, இரண்டு கனத்த சுவர்களுக்கு அப்பாலுள்ள அடுக்களையில் மறைந்துவிடும். காங்கிரீட் தளத்தின் கம்பிவலை இரு அலைகளையுமே தடுக்கும். இரும்புப் பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, குளிர்பதனப் பெட்டி, நீர்த்தொட்டி ஆகியவற்றின் பின்னால் ரவுட்டரை வைத்தால் எந்த மாதிரியும் பயன் தராது.

ரவுட்டரின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்களின் எண்ணிக்கை இச்சிக்கலைத் தீர்ப்பதில்லை. வீட்டின் நடுப்பகுதியில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, திறந்த அலமாரியில் வைப்பதே முதல் மருந்து. கேபிள்காரர் வாசலை ஒட்டிய அறையிலேயே பெட்டியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது; அவர் வரும்போதே பத்து மீட்டர் கூடுதல் இழை கேட்டு நடுக்கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தால், பின்னர் ஒரு கருவியின் விலையே மிச்சமாகும். இழையைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்காமல், ஒரு காப்பித் தம்ளரின் வளைவுக்குக் குறையாமல் வளைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்.

மாடிக்கும் இணைப்பு வேண்டுமெனில், சைகையைத் திரும்ப ஒலிபரப்பும் ரிப்பீட்டரை வாங்குவதே பலரின் முதல் எண்ணம். ஒரே அலைவரிசையில் வாங்கவும் கொடுக்கவும் வேண்டியிருப்பதால் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும். அதற்குப் பதிலாக, தளத்தில் ஒரு துளையிட்டுக் கேட்-6 வகை லேன் கேபிளை மாடிக்கு இழுத்து, அங்கே ஓர் அணுகுமுனையை வைப்பது நீடித்த தீர்வாகும். 100 மீட்டர் வரை அக்கேபிளில் வேகம் குறையாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்களைத் தவிர்த்து, முழுச்செம்புக் கேபிளைக் கேட்டு வாங்குவதும், எட்டுக் கம்பிகளும் முனையில் இணைக்கப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதும் அவசியம். நான்கு கம்பிகள் மட்டும் இணைந்திருந்தால் கிகாபிட் வாயும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். முன்னர்ச் சொன்ன, அலமாரியில் உறங்கும் பழைய செம்புக் கம்பிக் காலத்து வைஃபை மோடத்துக்கு இங்கே மறுவாழ்வு உண்டு. அதன் முகவரிப் பங்கீட்டை நிறுத்தி, முகவரியை 192.168.1.2 என மாற்றி, தொலைபேசி வாயைத் தொடாமல் லேன் வாயில் கேபிளைச் செருகினால், மாடியறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அணுகுமுனையாக அது செலவின்றி உழைக்கும்.

சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களே இடையூறாகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. கைப்பேசியிலுள்ள அளவீட்டுச் செயலி ஒன்றால் நெருக்கடி குறைந்த தடத்தைக் கண்டு அதில் ரவுட்டரை நிறுத்துவதும், தொலைக்காட்சி, மடிக்கணினி ஆகியவற்றை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் கட்டணமில்லாத மேம்பாடுகள்.

மின்சாரம், இடி, பஞ்சு

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள்களில், தெருவிலுள்ள பகுப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை என்பதால், நிலையத்தில் மாற்று மின்சாரம் இருக்கும்வரை ஒளி வந்துகொண்டே இருக்கும், வீட்டிலுள்ள ஓ.என்.டி.க்கும் ரவுட்டருக்கும் மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும். ரவுட்டருக்கான சிறு யு.பி.எஸ். வாங்கும்போது வோல்ட் அளவு சரியாக ஒத்திருக்க வேண்டும்: 9 வோல்ட் கருவியில் 12 வோல்ட் செருகினால் கருகிவிடக்கூடும். ஆம்பியர் அளவு கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 22 வாட்-மணி மின்கலம் 7 வாட் இழுக்கும் ஒரு கருவியை ஏறத்தாழ மூன்று மணி நேரம் இயக்கும், ஓ.என்.டி.யும் ரவுட்டரும் தனித்தனியாக இருப்பின் அதில் பாதி நேரமே. இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், மின்தடையின்போது ரவுட்டர் அணைந்து எழுகிறதென்றால், இன்வெர்ட்டரின் பின்புறமுள்ள விசையை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றினால் தாவும் நேரம் குறைந்து இக்குறை நீங்கும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருப்பதால், கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இடி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. ஒளியிழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், அதனைத் தாங்கிவரும் எஃகுக் கம்பி கடத்தும். அக்கம்பி வீட்டின் வெளிச்சுவரிலேயே வெட்டி நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கம்பத்திலிருந்து லேன் கேபிள் வரும் வீடுகளில் இடிக்கு முதலில் பலியாவது ரவுட்டரின் வெளியிணைப்பு வாய். அத்தகைய வீடுகள் விலையுயர்ந்த ரவுட்டரை நேரடியாகச் செருகாமல், இடையில் மலிவான ஸ்விட்ச் பெட்டி ஒன்றை வைப்பதும், இயலுமாயின் வீடுவரை இழையையே இழுத்துத் தரும்படி கேட்பதும் நலம்.

சத்திரப்பட்டி, இராஜபாளையம் பகுதிகளில் மருத்துவத்துக்குரிய பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் வீட்டை ஒட்டியே இயங்குகின்றன. காற்றில் பறக்கும் பஞ்சுத்துகள் ரவுட்டரின் காற்றுத்துளைகளில் படிந்து வெப்பத்தை உள்ளேயே அடைக்கும். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டவை. சித்திரை மாதத்துத் தகரக்கூரையின் கீழோ, பால்கோவா கிண்டும் அடுப்பறையை ஒட்டியோ வைத்தால் அவ்வெல்லை எளிதில் மீறப்படும். தறிக்கூடம் உள்ள வீடுகளில் மேற்புறம் துளையில்லாத, பக்கவாட்டில் காற்றுப்போக்குள்ள மாதிரியைத் தேர்ந்து, சுவரில் செங்குத்தாக மாட்டி, மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தூரிகையால் துடைப்பது போதும். கடையில் பணம் பெறும் கருவியும் வீட்டு இணைப்பிலேயே இயங்கும் பால்கோவாக் கடைகளுக்கு இது தொழிலையே தொடும் செய்தி.

வாங்கும் நாளும் பொருத்தும் நாளும்

கடையில் கேட்க வேண்டியவை மிகச் சிலவே: வரிசை எண் குறித்த பில், உத்தரவாதக் காலம், பழுதானால் கருவியை உள்ளூரிலேயே மாற்றித் தருவார்களா அல்லது ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா என்பது. இரண்டு நாள் இணையம் இல்லாமல் இருக்க முடியாத வீட்டுக்கு, உள்ளூரில் மாற்றித் தரும் கடை நூறு இருநூறு ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அங்கு வாங்குவதே இலாபம். அடாப்டரில் பி.ஐ.எஸ். பதிவு எண் அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பொருத்தியவுடன் வேகத்தை முதலில் லேன் கேபிளில் அளந்து, பிறகு வைஃபையில் அளப்பது முறை. கேபிளில் முழுவேகம் வந்து வைஃபையில் வராவிட்டால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. கேபிளிலேயே வராவிட்டால் இணைப்பு தருபவரை அழைக்க வேண்டும். கடவுச்சொற்கள் இரண்டு உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை: வைஃபையில் இணைவதற்கு ஒன்று, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பதற்கு மற்றொன்று. இரண்டாவதைத் தொழிற்சாலை இட்டபடியே விட்டுவிட்டால், வைஃபையில் இணைந்த எவரும் இணைப்பின் திசையையே மாற்றிவிட முடியும். இரண்டையும் மாற்றி, பாதுகாப்பு முறையை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என வைத்து, பொத்தானை அழுத்தியே இணையும் டபிள்யூ.பி.எஸ். வசதியை நிறுத்திவிட வேண்டும். விருந்தினருக்கும் கேமராக்களுக்கும் தனி வைஃபை பெயர் ஒன்றை உருவாக்கித் தரும் வசதி, இன்று விலை குறைந்த மாதிரிகளிலும் இருக்கிறது.

இறுதியாக, ஒரு தாளில் பயனர்பெயர், விலேன் எண், ஓ.என்.டி.யின் வரிசை எண், பழைய ரவுட்டரின் மேக் முகவரி, பொருத்திய நாளில் அளந்த ஒளியின் அளவு ஆகியவற்றை எழுதி, மின்கட்டண அட்டை இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். நிறுவனம் முன்பணம் பெற்றுக்கொண்டு கருவியைத் தந்திருந்தால், அந்தப் பற்றுச்சீட்டையும் கருவியின் அடாப்டரையும் அத்தாளோடு சேர்த்து வைப்பது, இணைப்பை மாற்றும் நாளில் முன்பணத்தைத் திரும்பப் பெற உதவும்.